தம்பிக்கு வீசா வாங்கித் தர முடியாது, கோப்பைத் திரட்டித் தரலாம்

ஜெர்மனியில் வெளிநாட்டவர் அலுவலகம் தரும் ஒரு தாளின் குறுக்கே சிவப்புக் கோடு ஓடும். புகைப்படம், பெயர், பிறந்த தேதி, காலாவதி நாள் எல்லாம் இருப்பதால் புதிதாகப் பார்ப்பவர் அதை அடையாள அட்டை என்றே நினைப்பார். உள்ளே அச்சிட்டிருப்பதைப் படித்தால்தான் விஷயம் தெரியும்: இது வதிவிட அனுமதி இல்லை, இதை வைத்திருப்பவர் நாட்டை விட்டு வெளியேறக் கடமைப்பட்டவர். டுல்டுங் என்று அங்குள்ள தமிழர்கள் சொல்லும் தாள் இதுதான். 2005 முதல் நடைமுறையில் இருக்கும் வதிவிடச் சட்டத்தின் 60ஏ பிரிவின்படி, நாடுகடத்தலைச் சிறிது காலம் தள்ளிவைப்பதற்கு மேல் இது எதையும் தருவதில்லை. கடவுச்சீட்டு இல்லை, கடுமையான நோய், பிரிக்க முடியாத குடும்பம், சொந்த நாட்டில் சண்டை என்று ஏதோ ஒரு காரணத்தால் அனுப்ப முடியாதவரை அரசு சகித்துக்கொள்கிறது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று கொடுத்த தாளைப் புதுப்பித்துப் புதுப்பித்தே பலருக்குப் பத்து ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. 2022 அக்டோபர் இறுதியில் ஜெர்மனியில் சுமார் 2,48,000 பேரிடம் இந்தத் தாள் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ 1,37,000 பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்து வந்தவர்கள்.

இப்படி ஒருவர் குடும்பத்தில் இருந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பதில்லை. லண்டனில் இருக்கும் மாமா பணம் அனுப்புவார், டோர்ட்முண்டில் இருக்கும் அண்ணன் நல்ல லோயரைத் தேடுவார், யாரோ ஒருவர் ஏஜென்சிக்காரரின் தொலைபேசி எண்ணைக் கொடுப்பார். பாசத்தில் குறையில்லை. ஆனால் நம்முடைய உறவுக் கணக்கும் ஜெர்மன் சட்டத்தின் உறவுக் கணக்கும் ஒத்துப்போவதில்லை. கணவன், மனைவி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை, அந்தப் பிள்ளையின் பெற்றோர் என்பதோடு அந்தச் சட்டத்தின் குடும்பம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அண்ணன், அக்கா, சித்தப்பா, மருமகன் எல்லாம் 36ஆம் பிரிவு சொல்லும் அசாதாரணமான இன்னல் இருந்தால்தான் கணக்கில் வருவார்கள். அதை நிரூபிப்பது அரிது. அண்ணன் குடியுரிமை பெற்றவராகவே இருந்தாலும், அண்ணன் என்ற ஒரே காரணத்துக்காகத் தம்பிக்கு வீசா கிடைக்காது. அப்படியானால் உறவினர்களால் ஆவது என்ன? கடந்த நாற்பது ஆண்டுகளில் டுல்டுங்கிலிருந்து மீண்டவர்களின் பாதையைப் பார்த்தால் பதில் தெரிகிறது. கதவு திறந்த நேரத்தில் யாருடைய கோப்பு தயாராக இருந்ததோ அவர்களே உள்ளே போனார்கள். அந்தக் கோப்பைத் திரட்டுவதுதான் உறவினர்களால் உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் மேற்கு ஜெர்மனிக்கு வந்த வழி பனிப்போர் தந்த வழி. கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிஷ்ஷ்ட்ராசே நிலையத்தில் ரயில் ஏறினால் மேற்கு பெர்லின். அந்தக் கோட்டை நாட்டு எல்லையாக மேற்குத் தரப்பு ஏற்காததால், அந்தத் தரப்பில் கடவுச்சீட்டுச் சோதனையும் கிடையாது. 1985 ஜூலையில், மேற்கு ஜெர்மனி வட்டியில்லாக் கடன் வரம்பை உயர்த்திக் கொடுத்த அதே காலத்தில், வீசா இல்லாத தமிழர்களைக் கிழக்கு ஜெர்மனி தன் வழியே விடுவதை நிறுத்தியது. உள்ளே வந்துவிட்டவர்களில் பலருக்குத் தஞ்சம் மறுக்கப்பட்டது. திருப்பி அனுப்பவும் முடியவில்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலை என்ன செய்யும் என்பதற்கு 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையோரம் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழர்களே சாட்சி. அவர்கள் புறப்பட்டது இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ அல்ல, மேற்கு ஜெர்மனியிலிருந்து. கனடா அவர்களுக்கு ஓராண்டு அமைச்சர் அனுமதி கொடுத்து, வேலை செய்யவும் விட்டது. அதுவும் தற்காலிகத் தாள்தான், ஆனால் மேலே ஏற அதில் ஒரு படி இருந்தது. ஜெர்மன் தாளில் அன்று அந்தப் படி இல்லை. 1989 ஜூலை 10 அன்று ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் தமிழர் வழக்குகளில் தந்த தீர்ப்பு இன்றும் தஞ்சச் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்புகளில் ஒன்று. சொந்த நாட்டின் வேறொரு பகுதியில் பாதுகாப்பாக வாழ முடிந்தால் தஞ்சம் கிடையாது என்ற கொள்கையை அது விரித்துரைத்தது. வடக்கிலிருந்து வந்த பலரிடம் கொழும்பில் இருக்கலாமே என்று கேட்க அது இடம் கொடுத்தது.

அந்தப் படியை ஜெர்மனி மெல்ல மெல்லத்தான் கட்டியது. 1996-இலும் 1999-இலும் மாநில உள்துறை அமைச்சர்கள் மாநாடு நீண்ட காலம் தங்கிய குடும்பங்களுக்கு வதிவிடம் கொடுத்தது. முதல் முறை 1990 ஜூலைக்கு முன் வந்த குடும்பங்களுக்கு, அடுத்த முறை 1993 ஜூலைக்கு முன் வந்தவர்களுக்கு. 2006 நவம்பரிலும் 2007 ஆகஸ்டிலும் மறுபடி கதவு திறந்தது: தனியாள் என்றால் எட்டு ஆண்டுகள், பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஆறு ஆண்டுகள். 2011-இல் வதிவிடச் சட்டத்தில் இளையோருக்கென்று 25ஏ பிரிவு, 2015-இல் காலக்கெடுத் தேதியே இல்லாத 25பி. 2022 டிசம்பர் 31 அன்று வந்த வாய்ப்பு வதிவிட உரிமை, அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று ஐந்தாண்டு முடித்திருந்தவர்களுக்குப் பதினெட்டு மாத அனுமதி கொடுத்து, அதற்குள் வேலையும் டொச் எனப்படும் ஜெர்மன் மொழியும் அடையாள ஆவணமும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. மூன்றாண்டுக்கென்று வந்த அந்தச் சட்டம் 2025 முடிவோடு காலாவதியானது. இந்த வரிசையில் இரண்டு விஷயங்கள் தெளிவு. ஆட்சியில் யார் இருந்தாலும் நீண்ட காலம் தங்கியவர்களுக்கு ஏதாவது ஒரு வழி திறந்தபடியே இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கேட்டது ஏறக்குறைய அதே சான்றுகளைத்தான்: எத்தனை ஆண்டு இருந்தாய், எப்படிப் பிழைக்கிறாய், மொழி தெரியுமா, நீ யார், உன் மேல் வழக்கு உண்டா?

நிரந்தரமாகச் சட்டத்தில் இருக்கும் வழிகளில் முதலில் பார்க்க வேண்டியவை 25ஏ, 25பி இரண்டும்தான். 27 வயதுக்குட்பட்டவர் மூன்று ஆண்டு ஜெர்மனியில் இருந்து, மூன்று ஆண்டு பள்ளியில் ஒழுங்காகப் படித்திருந்தாலோ, பள்ளிச் சான்றிதழோ தொழிற்பயிற்சிச் சான்றிதழோ பெற்றிருந்தாலோ, ஓராண்டாவது டுல்டுங்கில் இருந்த பிறகு 25ஏ-யின் கீழ் வதிவிடம் கேட்கலாம். பெற்றோருக்கும் அதன் வழியாக இடம் கிடைக்கக்கூடும். ஆகவே வீட்டில் பெரியவரின் வழக்கையே பிடித்துத் தொங்குவதைவிட, பதினான்கு வயதுப் பிள்ளையின் பள்ளி அறிக்கைகளை ஒழுங்காக வைத்திருப்பது சில சமயம் குடும்பம் முழுவதையும் காப்பாற்றும். 25பி பெரியவர்களுக்கு: ஆறு ஆண்டுகள், சிறு பிள்ளைகள் கூட இருந்தால் நான்கு, செலவில் பாதிக்கு மேல் சொந்தச் சம்பாத்தியம், ஏ2 அளவு பேச்சு டொச், நாட்டின் சட்டம், சமூகம் பற்றிய அடிப்படை அறிவு. முதியோர், நோயாளிகள், அவர்களைப் பராமரிப்போர் போன்றோருக்கு விதிவிலக்குகள் உண்டு. தொழிற்பயிற்சி இன்னொரு வழி. முதியோர் பராமரிப்பு, சமையல், மின்வேலை எதுவானாலும் முறையான பயிற்சி ஒப்பந்தம் கிடைத்தால், பயிற்சிக் காலம் முழுவதும் தங்கலாம். முடித்து அதே துறையில் வேலை பார்த்தால் மேலும் இரண்டு ஆண்டுக்கு வதிவிட அனுமதி. எதுவும் பொருந்தாதபோது ஒவ்வொரு மாநிலத்திலும் இயங்கும் இன்னல் ஆணையம் இருக்கிறது. அது தரும் பரிந்துரையை 23ஏ பிரிவின்படி மாநில உள்துறை ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். நாடுகடத்தும் நாள் குறித்த பிறகு அங்கே ஓடுவதில் பயன் குறைவு.

திருமணம்தான் சுலபமான வழி என்ற பேச்சு நம்மிடையே அதிகம். உண்மையான திருமணம் உண்மையான உரிமை தரும், அதில் ஐயமில்லை. ஆனால் சரியான வீசாவோடு நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆகவே, ஜெர்மனியிலேயே கல்யாணம் முடித்தவரிடமும் கொழும்புக்குத் திரும்பிப்போய்த் தூதரகத்தில் வீசா எடுத்து வா என்று அலுவலகம் சொல்லக்கூடும். சில நிலைகளில் உள்நாட்டிலேயே விண்ணப்பிக்க விலக்கு உண்டு. இல்லாவிட்டால் புறப்படும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தின் முன்னனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு போவதுதான் விவேகம். தானாகப் போய்த் திரும்புவதற்கும் நாடுகடத்தப்படுவதற்கும் பெரிய வித்தியாசம்: பின்னதில் மறுநுழைவுத் தடை சேர்ந்துகொள்ளும். ஜெர்மன் குடியுரிமையுள்ள குழந்தையின் தாயோ தந்தையோ அந்தக் குழந்தையைப் பராமரிப்பவராக இருந்தால், வருமானம் போதாவிட்டாலும் வதிவிடம் கேட்க உரிமை உண்டு. 2024 ஜூன் முதல், பெற்றோரில் ஒருவர் ஐந்தாண்டு சட்டப்படி வாழ்ந்து நிரந்தர வதிவிடமும் பெற்றிருந்தால், ஜெர்மனியில் பிறக்கும் குழந்தை பிறப்பிலேயே ஜெர்மன் குடியாகிறது. முன்பு இது எட்டாண்டு. இந்த மாற்றத்தால் தங்கள் நிலை மாறியது தெரியாமலே இன்னமும் டுல்டுங் புதுப்பித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கலாம். தாளுக்காகவே செய்யும் திருமணத்தைப் பற்றி ஒரு வரி போதும்: கண்டுபிடிக்கப்பட்டால் குற்ற வழக்கு வரும், அந்த வழக்கு மற்ற எல்லாக் கதவுகளையும் சேர்த்து மூடிவிடும்.

எல்லா வழியும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து முட்டுகிறது: நீ யார் என்பதற்கு ஆவணம் எங்கே? இங்கேதான் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருக்கும் உறவினரின் கை தேவைப்படுகிறது. தமிழில் கையால் எழுதிய பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டையின் படி, பாடசாலைச் சான்றிதழ், பெற்றோரின் திருமணப் பதிவு ஆகியவற்றைத் தேடி எடுத்து, புதிய பிரதி வாங்கி அனுப்ப அங்கே ஒருவர் அலைய வேண்டும். வந்த பிறகும் சிக்கல் தீராது. நமக்குத் தகப்பன் பெயர்தான் முன்னொட்டு; ஜெர்மன் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். அண்ணன் தம்பிக்குத் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகும், மணமான அக்காவுக்குக் கணவன் பெயர், அண்ணனின் பிள்ளைக்கு அண்ணன் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்களைப் பார்க்கும் அதிகாரிக்குச் சந்தேகம் வருவது இயல்பு. போதாததற்கு, ஒரே பெயரை ஒரு சான்றிதழில் ஒரு ரோமன் எழுத்தும் இன்னொன்றில் வேறொரு எழுத்தும் கொண்டு எழுதியிருப்பார்கள். நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பின்பற்றச் செய்து, பெயரிடும் வழக்கத்தை விளக்கி ஒரு பக்கக் கடிதம் வைத்தாலே பல மாதக் கடிதப் போக்குவரத்து மிச்சமாகும்.

கடவுச்சீட்டு எடுத்துக் கொடுப்பது கழுத்தை நீட்டுவதற்குச் சமம் என்ற எதிர்வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ஆவணம் இல்லை என்பதாலேயே நாடுகடத்தல் நின்றிருக்கும் ஒருவருக்கு, ஆவணம் வந்த மறுநாள் தடை நீங்கிவிடுகிறது. 2021 மார்ச் இறுதியில் ட்யூசல்டோர்ஃப் விமான நிலையத்திலிருந்து தமிழர்களைக் கூட்டாகக் கொழும்புக்கு ஏற்றி அனுப்பியதைக் கண்ட சமூகத்துக்கு இந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். தஞ்ச வழக்கு நடக்கும்போது சொந்த நாட்டுத் தூதரகத்தை அணுகச் சொல்வதும் தவறான ஆலோசனை. ஆனால் வழக்கு தோற்ற பிறகும் ஆவணத்தை மறைத்தே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் எடைபோட வேண்டும். 2019 ஆகஸ்ட் முதல், அடையாளம் தெளிவில்லாதவர் என்று முத்திரையிட்டு 60பி பிரிவில் கீழ்நிலை டுல்டுங் ஒன்று தரப்படுகிறது. அதில் வேலை செய்ய முடியாது, அந்தக் காலம் 25பி-க்குத் தேவையான ஆண்டுகளில் சேராது. ஓடுகிற வருடங்கள் வீணாய்ப் போகும். ஆகவே ஆவணத்தை எடுக்கலாமா என்பதைவிட எப்போது எடுத்து எதனோடு சேர்த்துக் கொடுப்பது என்பதே சரியான கேள்வி. ஆவணத்தை ஊரிலிருந்து வரவழைத்துப் பாதுகாத்து, வழக்கறிஞரைக் கேட்டு, விண்ணப்பத்தின் மற்ற நிபந்தனைகள் கூடிவரும் வேளையில் ஒப்படைப்பதுதான் முறை. ஏஜென்சிக்காரரும் கேஸ் எழுதிக் கொடுப்பவரும் சொன்னதைக் கேட்டு முதலில் தவறான பெயரோ பிறந்த தேதியோ கொடுத்தவர்களுக்கும் இது பொருந்தும். 25பி முதன்மையாகத் தடுப்பது இப்போதும் தொடரும் ஏமாற்றை; பழைய பிழையைத் தக்க சட்ட ஆலோசனையோடு தாமாகத் திருத்திக்கொண்டவருக்கு வழி முற்றாக அடைபடுவதில்லை.

பாசத்தில் கையெழுத்துப் போடுவதைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. வதிவிடச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி ஒருவர் பொறுப்பேற்புப் பத்திரம் கொடுத்தால், வந்தவருக்கு அரசு செலவழிக்கும் பணத்தை ஐந்தாண்டு வரை அவரிடம் கேட்கலாம். 2013 முதல் ஜெர்மன் மாநிலங்கள் பலவும் அங்கே வாழும் சிரியர்களின் உறவினரை அழைத்துவரத் திட்டங்கள் நடத்தின. கையெழுத்திட்டவர்களில் பலர், உறவினருக்கு அகதி அந்தஸ்து கிடைத்தவுடன் தங்கள் பொறுப்பு முடிந்துவிடும் என்று நம்பினார்கள். 2017 ஜனவரி 26 அன்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அது முடியாது என்று தீர்ப்பளித்தது. வேலை அலுவலகங்களிலிருந்து பல்லாயிரம் யூரோ பில்கள் வந்தன. 2019-இல் மத்திய அரசு பல பேருக்கு விட்டுக்கொடுத்தது உண்மைதான், ஆனால் அது அரசியல் முடிவு. அடுத்த முறையும் அப்படி நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அண்ணன் கடனாளியாவதால் தம்பியின் வதிவிடம் உறுதியாகப்போவதில்லை.

இதெல்லாம் வழக்கறிஞரின் வேலையாயிற்றே, உறவினர் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, அரைகுறை ஆலோசனை ஆளையே கவிழ்த்துவிடும். ஜெர்மனியில் சட்ட ஆலோசனை சொல்வதற்கே கட்டுப்பாடு உண்டு. 1935-இல் நாஜி அரசு கொண்டுவந்த சட்டம், தொழிலிலிருந்து விரட்டப்பட்ட யூத வழக்கறிஞர்கள் வேறு வழியில் ஆலோசனை சொல்லிப் பிழைப்பதையும் தடுத்தது. அதன் இடத்தில் 2008 ஜூலையில் வந்த சட்டச் சேவைச் சட்டம், காசு வாங்காமல் குடும்பத்தாருக்கும் அண்டை அயலாருக்கும் நெருங்கியவருக்கும் உதவுவதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. காசு வாங்கிக்கொண்டு கோவில் வாசலிலோ கடையிலோ படிவம் நிரப்பி ஆலோசனை சொல்பவருக்கு அந்த அனுமதி கிடையாது. உறவினர் செய்யத்தக்கவை வேறு: துணையாள் என்ற முறையில் அலுவலகத்துக்குக் கூடப் போகலாம், எழுதித் தந்த அதிகாரத்தோடு கோப்பைப் பார்க்கக் கேட்கலாம், தேதிகளைக் குறித்துவைக்கலாம், சம்பளச் சீட்டுகளை மாத வாரியாக அடுக்கலாம். புதுப்பிக்கும்போது பழைய டுல்டுங்கை அலுவலகம் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் படி எடுத்து வைக்கலாம். சட்டத்தை எடைபோடும் வேலையை காரிடாஸ், டியாகோனி, செஞ்சிலுவைச் சங்கம் போன்றவற்றின் இலவச ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ விட வேண்டும். வசதியில்லாதவர் பெரும்பாலான மாநிலங்களில் உள்ளூர் நீதிமன்றத்தில் ஆலோசனை உதவிச் சீட்டு வாங்கினால், வழக்கறிஞருக்குக் கொடுக்க வேண்டியது 15 யூரோ. ஒழுங்கான கோப்போடு போகிறவருக்கு அந்த ஒரு சந்திப்பிலேயே உருப்படியான பதில் கிடைக்கும்.

எப்படியும் நீட்டித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள், எதற்கு இந்த அவசரம் என்பது இன்னொரு எண்ணம். தற்காலிக அனுமதியை நம்பிக் காலந்தள்ளுவது எவ்வளவு ஆபத்து என்பதை அமெரிக்கா 2025 மார்ச்சில் காட்டியது. கியூபா, ஹெய்ட்டி, நிகராகுவா, வெனிசுவேலா நாட்டவர் சுமார் 5,30,000 பேர் மனிதாபிமானப் பரோலில் உள்ளே வந்தவர்கள். அந்தத் திட்டத்தை அரசு ஓர் அறிவிப்பில் முடித்தது. அதற்குள் வேறு சட்ட வழிக்கு மாறிக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். ஜெர்மனியில் உக்ரைனியருக்கு 2022 மார்ச்சில் தந்த தற்காலிகப் பாதுகாப்பும் 2027 மார்ச் 4 வரைதான் நீட்டிக்கப்பட்டது. பயிற்சி, வேலை வழியாக வேறு அனுமதிக்கு மாறும்படி ஐரோப்பிய ஒன்றியமே சொல்லத் தொடங்கியது.

தஞ்சம் மறுக்கப்பட்டவருக்கு வதிவிடம் தருவது, விதியை மதித்துத் திரும்பிப் போனவருக்கு அநீதி இல்லையா என்ற வாதம் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கிறது. அதில் நியாயம் உண்டு. ஆயினும் 25பி காத்திருந்ததற்குப் பரிசு கொடுக்கவில்லை. வரி கட்டியதையும் மொழி படித்ததையும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியதையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்கிறது. அனுப்பவும் முடியாமல் வேலை செய்யவும் விடாமல் ஒருவரை ஆண்டுக்கணக்கில் உதவித்தொகையில் வைத்திருப்பதால் அரசுக்கும் லாபமில்லை. பல கட்சிகளின் ஆட்சிகள் முப்பது ஆண்டுகளில் திரும்பத் திரும்ப இதே முடிவுக்கு வந்திருப்பதற்கு இரக்கத்தைவிட இந்தக் கணக்கே காரணம்.

ஆகவே உங்கள் குடும்பத்தில் ஒருவரிடம் அந்தச் சிவப்புக் கோட்டுத் தாள் இருந்தால், முதலில் அது எந்தப் பிரிவின் கீழ் தரப்பட்டது என்று படித்துப் பாருங்கள். வந்த நாள் முதல் இன்றுவரை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு சான்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் இருப்பவர்கள் பிறப்புப் பத்திரத்தை இப்போதே எடுத்து வையுங்கள். ஜெர்மனியில் இருப்பவர்கள் அவரை ஏ2 வகுப்பில் சேர்த்துவிடுங்கள், பிள்ளைகளின் பள்ளி அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். ஏஜென்சிக்காரருக்குக் கொடுக்க நினைத்த பணத்தை மொழிபெயர்ப்புக்கும் வழக்கறிஞருக்கும் கொடுங்கள். நாடுகடத்தல் கடிதம் வந்த பிறகு நூறு பேர் கூடி அழுவதைவிட, அது வருவதற்கு முன் ஓர் உறவினர் ஒரு கோப்பை அடுக்கித் தருவது பெரிய உதவி.